இரு காவல்களுக்கு இடையே: 1800–1801ஆம் ஆண்டுகளில் திண்டுக்கல் சமவெளிக் குடிகள்

1801ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரிலுள்ள கோபாலசமுத்திரக் குளம் அவருடைய பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அவர் முன்னின்று அமைத்த கூட்டணியும், சிவகங்கை மருது சகோதரர், பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரை ஆகியோர் நடத்திய போரும் நெடுநாள் 'பாளையக்காரர் கலகம்' என்றே எழுதப்பட்டுவந்தன. 1971இல் பேராசிரியர் கே. இராஜய்யன் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் நூலில் அதனை முதல் சுதந்திரப் போர் எனக் குறித்தார். அப்பெயர் முற்றிலும் பொருந்துமா என்பது குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், அயலார் ஆட்சியை அகற்ற வேண்டும் என்ற நோக்கோடு பல சீமைகள் ஒன்றுகூடிப் போரிட்டன என்பதில் ஐயமில்லை.

இப்போரின் தலைவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு மண்டபங்களும் சிலைகளும் உண்டு. கும்பினித் தளபதிகளையும் அறிவோம். அவர்கள் தங்கள் நினைவுகளைத் தாங்களே எழுதிவைத்துச் சென்றனர். ஆனால் சிறுமலைக்கும் பழனிமலைக்கும் இடையே பரந்து கிடக்கும் இச்சமவெளியில் ஏர் பிடித்தவனும், தறி நெய்தவனும், ஊர்க் கணக்கு எழுதியவனும், பிறர் வயலில் நாற்று நட்டவளும் அந்நாட்களில் எந்தப் பக்கம் நின்றனர்? எதன்பொருட்டு நின்றனர்? இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அக்காலத்துக் குடிகள் தம் மனத்தை எழுதிவைக்கவில்லை. நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை கும்பினி அதிகாரிகளின் கடிதங்கள். அவற்றில், கிளர்ச்சியாளருக்கு நெல் கொடுத்தவன் கலகக்காரன். கும்பினிக்கு வரி செலுத்தியவன் விசுவாசமுள்ள குடி. இவ்விரு சொற்களுக்குள் ஒரு மனிதனின் முழு உள்ளமும் அடங்கிவிடாது. எனவே, அவர்களுடைய எண்ணங்களைப் புனைந்துரையாமல், அவர்கள் நின்ற நிலைமையை மட்டும் தெளிவுபடுத்த முயல்வோம்.

1. ஐந்து முறை கைமாறிய கோட்டை

1755இல் ஐதர் அலி மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லில் பொறுப்பேற்றார். 1767இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. மறு ஆண்டே மைசூர் அதனை மீட்டது. 1783இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றினர். 1784இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திரும்பக் கொடுத்தனர். 1790இல் மறுபடியும் பிடித்தனர். 1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை முறைப்படி கும்பினியாருக்கு உரியதாயிற்று.

1755இல் பிறந்த ஒரு குடியானவன் தன் முப்பத்தைந்தாம் வயதுக்குள் ஐந்து முறை கோட்டை கைமாறக் கண்டிருப்பான். ஒவ்வொரு முறையும் வென்றவர் வரி கேட்டனர். தோற்றவருக்கு வரி கொடுத்தது குற்றமாயிற்று. 'நீ எந்தப் பக்கம்?' என்ற வினா அவனுக்குப் புதிதன்று. ஆகவே, நாம் இன்று பொருள்கொள்ளும் 'தேசம்' என்ற சொல்லை அவன் வாயில் வைத்து அவனைப் புகழ்வதும் பிழை. அச்சொல் அவனிடம் இல்லை என்று இகழ்வதும் பிழை.

மறுபுறம், அவனுக்குப் பற்று என்பதே இல்லை எனவும் கருதலாகாது. 1772இல் காளையார்கோவிலில் தன் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், வேலு நாச்சியார் இச்சீமைக்கே அடைக்கலம் தேடி வந்தார். விருப்பாட்சி அவருக்கு இடம் கொடுத்தது. ஐதர் அலி துணைநின்றார். 1780இல் சிவகங்கையை மீட்கும்வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அந்த அடைக்கலம் நீடித்தது. பாளையக்காரர் ஒருவர் அடைக்கலம் கொடுத்தார் எனில், அவருடைய ஊர்கள் அதற்கு நெல்லும் ஆளும் கொடுத்தன என்பதே பொருள்.

2. காவல் என்ற கட்டு

இச்சூழலில் குடியையும் பாளையக்காரரையும் பிணைத்த கயிறு 'காவல்' என்பது. ஊரளவில் ஸ்தலகாவல் இருந்தது. ஊர்க்காவலர் களவைத் தடுத்து அதற்குரிய பங்கை விளைச்சலில் பெற்றனர். அதற்கு மேல் தேசகாவல் என ஒன்றிருந்தது. சுற்றுவட்டத்து ஊர்களையும் வழிகளையும் காப்பதாகப் பொறுப்பேற்ற பாளையக்காரர் அதற்கென வரி தண்டினார். களவுபோன பொருளை மீட்டுத் தருதல், இயலாவிடில் ஈடு செய்தல் என்பது அதன் நெறி. நெறி அவ்வாறிருப்பினும், வலியவன் கையில் அக்காவல் கட்டாயப் பறிப்பாக மாறியதும் உண்டு. காவல் பணம் கொடாத ஊரில் களவு நிகழ்வது தற்செயல் அன்று என்பதைக் குடிகள் அறிந்திருந்தனர்.

கும்பினியார் இக்காவலைக் கொள்ளையின் மறுபெயராகவே கண்டனர். 1796இல் பொறுப்பேற்ற கலெக்டர் ஹர்டிஸ் காலத்தில் நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் பணி நடைபெற்றது. வரி அளவிடப்பட்டது, ஆயினும் அளவிடப்பட்ட வரி மழை பொய்த்தபோதும் மாறவில்லை. பாளையக்காரர் மூர்க்கமாகக் கேட்டாலும் அவர் அருகில் இருந்தார். அவர் காலில் விழலாம், அவர் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் அமரலாம். கும்பினியின் கணக்கேடு அவ்வாறு நெருங்கக் கூடியதன்று. ஆனால் அதன் முன் ஒரு சாதிக்கு ஒரு நியாயம் என்பது ஓரளவு குறையும் என்ற நம்பிக்கையும் சிலருக்கு இருந்திருக்கக்கூடும்.

ஆக, குடியானவனுக்கு முன் நின்றவை 'விடுதலை', 'அடிமைத்தனம்' என்ற இரண்டு அல்ல. காப்பதாகச் சொல்லிக் கைநீட்டிய இரண்டு அதிகாரங்களே நின்றன. இரண்டும் அவனிடம் நெல் கேட்டன. இரண்டும் மறுத்தவனைத் தண்டித்தன.

3. போர் வந்த வழி

1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அடுத்தது தம் முறையே என்பதை மற்றப் பாளையக்காரர் உணர்ந்தனர். கோபால நாயக்கர், மணப்பாறை இலட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டிப் பூசை நாயக்கர் முதலியோரைச் சேர்த்துக் கூட்டணி அமைத்தார். 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிய கூட்டத்தில் கோயம்புத்தூரிலிருந்த கும்பினிப் படையைத் தாக்கத் திட்டமிடப்பட்டது. ஜூன் 3ஆம் நாள் நிகழ்ந்த அம்முயற்சி தோல்வியுற்றது. பிடிபட்டோரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பல ஊர்களில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் பலர் இசுலாமியர் என்பது கவனிக்கத்தக்கது. வடக்கே துணையாவார் என எதிர்பார்க்கப்பட்ட தூந்தாஜி வாக் செப்டம்பர் 10ஆம் நாள் போரில் மடிந்தார்.

எனினும் போர் ஓயவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மீண்டும் எழுந்தது. பெயர் தெரியாத பல நூறு கைகள் மண் சுமவாமல் அது எழுந்திருக்க முடியாது. மே 24ஆம் நாள் அது வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கை சென்று மருது சகோதரருடன் சேர்ந்தார். அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவிலும் வீழ்ந்தபின், அவர் திண்டுக்கல் சீமை நோக்கி வந்து வத்தலக்குண்டுப் பகுதியில் பிடிபட்டார். அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரிலும், நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். 1802 பிப்ரவரியில் 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

4. சுவரில் ஒட்டிய இரு அறிக்கைகள்

1801 ஜூன் 16ஆம் நாள் மருது பாண்டியரின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததால் நாடு வறுமையுற்றது என்று அது கூறிற்று. அவரவர் உரிமையை அவரவர் மீண்டும் அடையப் போரிட அழைத்தது. கும்பினியிடம் ஊதியம் பெற்ற சுபேதார் முதல் சிப்பாய் வரை அனைவரையும் தனியே விளித்தது. அவ்வறிக்கையைக் கிழிப்பவனுக்குச் சாபமும் கூறிற்று. பல சாதியாரையும் சமயத்தாரையும் ஒரே நோக்கிற்கு அழைத்ததில் அது தன் காலத்தை மிஞ்சி நின்றது எனலாம்.

ஆயினும், இறையியல் மாணவர் அதில் மற்றொன்றையும் காண வேண்டும். அறிக்கை பெயர் சுட்டி அழைத்தவர்கள் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள். இந்நால்வகைக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அப்பட்டியலில் பெயர் இல்லை. இச்சமவெளியில் நெல்லை விளைவித்தவர்களில் பெரும் பகுதியினர் அவர்களே. அவர்கள் சுமந்த நெல்லே இருபக்கப் படைகளும் உண்டது. விடுதலையின் அழைப்பில் பெயர் பெறாதவன் எந்தப் பக்கம் சேர்வது?

கும்பினியாரும் அறிக்கைகள் விடுத்தனர். ஆயுதத்தைக் கீழே வைத்தால் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்றனர். தலைவர்களைப் பிடித்துக் கொடுப்போருக்கு வெகுமதி என்றனர். போர் முடிந்தபின், 1801 டிசம்பர் 1ஆம் நாள், ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு குடிகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. அமைதி வந்தது, காவலையே தொழிலாகக் கொண்டிருந்த பல்லாயிரவர் பிழைப்பு போயிற்று. ஈட்டியும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டதைக் கொடுமை என்று சிலர் கண்டனர்; இனி அறுவடையை அஞ்சாமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சிலர் மூச்சுவிட்டிருப்பர். இருவரும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்களே.

5. தெரிந்தெடுத்தவர்கள்

குடிகள் எல்லாரும் கிளர்ச்சிக்கு ஆதரவு தந்தனர் என்றோ, எல்லாரும் ஒதுங்கி நின்றனர் என்றோ கூறுதல் பொருந்தாது. மலையடிவாரங்களில் கோபால நாயக்கர் போரிட்டபோது உழவர் அவருக்குத் துணைநின்றனர். காளையார்கோவில் காட்டை வெட்டிக் கும்பினிப் படைக்கு வழி திறந்தவர்களும் உழைக்கும் மக்களே. கும்பினிப் படை என்பது பெரும்பாலும் இந்நாட்டுச் சிப்பாய்களால் ஆனது. மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளமே அவர்களுள் பலருடைய குடும்பங்களைத் தாங்கிற்று. அவர்களைத் துரோகிகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டால், அச்சிப்பாய்களின் வழிவந்த படையே 1806 ஜூலையில் வேலூரில் எழுந்ததை எவ்வாறு விளக்குவோம்?

பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த நாளில் நடந்ததாகக் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். போர்க்களத்தில் விழுந்து கிடந்தோரிடையே ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி அவளை வேண்டினான். அவள் அவ்வாறே அவரைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உள்ளே கிடப்பவன் பெரியம்மை கண்டு இறந்தவன் என்று சொன்னாள். வந்தவர்கள் அஞ்சி விலகினர். பகைப்பக்கத்து அதிகாரியே வியந்து எழுதிய நிகழ்ச்சி இது. அவள் எந்த அறிக்கையையும் படித்துப் பக்கம் சேரவில்லை. தன் வாசலுக்கு வந்த உயிரைக் காத்தாள். மகன் இறுதியாகக் கேட்டதைச் செய்தாள். அவளுடைய பெயரை வெல்ஷ் எழுதவில்லை.

6. நம் முன்னோர் நின்ற இடம்

இவ்வினாவினின்று நம் திருச்சபை விலகி நிற்க முடியாது. தென்னாட்டுச் சீர்திருத்தச் சபையின் தொடக்கம் பல இடங்களில் கோட்டைகளின் நிழலில் அமைந்தது. திருச்சிராப்பள்ளியில் சுவார்ட்சு ஐயர் ஆங்கிலப் படையினருக்கும் போதகராயிருந்தார். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் 1785இல் அவரால் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1779இல் கும்பினியின் தூதராக அவர் ஐதர் அலியிடம் சென்றார். ஆங்கிலேயரை நம்பாத ஐதர், அவரை மட்டும் நம்பினார். அங்ஙனம் இருபக்கமும் நம்பப்பட்டவரும், ஒரு பக்கத்தின் தூதராகவே சென்றார் என்பதை மறத்தலாகாது.

1799இல் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக முதலூர் தோன்றியது. அங்குக் குடியேறியவனுக்குக் கும்பினி ஆட்சி அச்சமின்றிச் செபிக்கும் வாய்ப்பாகத் தோன்றியிருக்கலாம். அதே காலத்தில் சிவகங்கைச் சீமையில் சருகணிக் கத்தோலிக்க ஆலயத்திற்கு மருது சகோதரர் கொடை அளித்தனர். அவ்வூர்க் கிறிஸ்தவனுக்குக் காவலர் மருது பாண்டியரே. ஒரே ஆண்டவரை வணங்கிய இருவரைப் போர் எதிரெதிரே நிறுத்தியது. இருவருள் ஒருவனை விசுவாசி என்றும் மற்றவனைத் துரோகி என்றும் பிரிக்க நமக்கு அளவுகோல் ஏது?

பிற்காலத்தில் இச்சீமைக்கு நற்செய்தி கொண்டுவந்த அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. அதன் ஊழியரை அனுப்பிய நாடு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் தானே ஒரு விடுதலைப் போரைக் கண்ட நாடு. அங்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. சுவார்ட்சைப் போன்றே ஹாலே நகரினின்று அனுப்பப்பட்ட மூலன்பெர்க் ஐயர் பென்சில்வேனியாவில் எப்பக்கமும் சாராதிருக்க முயன்றார். அவருடைய மகன் பீட்டர், போதகராயிருந்தும் 1776இல் விடுதலைப் படையில் சேர்ந்தார். ஜான் வெஸ்லி மன்னர் பக்கம் எழுதினார்; அவர் அனுப்பிய ஊழியருள் மற்றவர் திரும்பிச் செல்ல, பிரான்சிஸ் ஆஸ்பரி மட்டும் மக்களோடு தங்கினார். மன்னரை விட்டு நீங்க மனமில்லாத பல்லாயிரவர் போர் முடிவில் கனடா முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1782 மார்ச் 8ஆம் நாள், போரில் சேர மறுத்த மொரேவியச் சபையைச் சார்ந்த 96 செவ்விந்தியக் கிறிஸ்தவர்கள், ஆண் பெண் குழந்தைகள் என வேறுபாடின்றி, விடுதலைப் படையைச் சார்ந்தோராலேயே கொல்லப்பட்டனர். விடுதலை நியாயமானது, அதன் பெயரால் செய்யப்பட்டது அநியாயம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுவதே வரலாற்றைக் கற்கும் கிறிஸ்தவனின் கடமை.

7. போதகருக்கு எழும் வினா

ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் வழிபாட்டில் நாம் இவ்வரலாற்றை எவ்வாறு சொல்வோம்? ரோமர் 13ஆம் அதிகாரத்தை எடுத்து, ஆளுகைக்குக் கீழ்ப்படிந்தவர்களே நல்லவர்கள் என்று போதித்தால், கோபாலசமுத்திரக் கரையில் மாண்டவரை இரண்டாம் முறை தூக்கிலிடுகிறோம். எதிர்த்தவர் மட்டுமே நல்லவர் என்று போதித்தால், பிள்ளைகளின் பசிக்காகக் கும்பினியின் கூலியைப் பெற்றவனை நம் சபையினின்று துரத்துகிறோம். சிறையிருப்பிலுள்ளோர் தாம் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேட வேண்டுமென எரேமியா எழுதினார். எரிகோவின் ராகாப் தன் பட்டணத்தின் ஆட்களை ஏமாற்றி அந்நியருக்கு அடைக்கலம் தந்தாள். வேதம் இருவரையும் ஏற்கிறது.

எல்லாப் பக்கமும் ஒன்றே என நாம் கூறவில்லை. வணிகத்திற்கு வந்து நாட்டைக் கைக்கொண்ட ஓர் அமைப்பின் ஆட்சி நீதியான ஆட்சி அன்று. அதனை எதிர்த்து மாண்டோர் நம் நன்றிக்கு உரியவர். ஆனால் சாமானியக் குடியை, அவன் எந்தக் கொடியின்கீழ் நின்றான் என்பதைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. நின்ற இடத்தில் அயலானுக்கு என்ன செய்தான் என்பதே அவனுக்குரிய அளவுகோல். வெகுமதிக்காக அயலானைக் காட்டிக்கொடுத்தவன் எப்பக்கம் நின்றாலும் குற்றவாளி. ஓடிவந்தவனுக்குக் கதவைத் திறந்தவள் எப்பக்கம் நின்றாலும் நீதியுள்ளவள்.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் பார்வோனின் கட்டளையை மீறிக் குழந்தைகளைக் காத்த இரண்டு மருத்துவச்சிகளைக் கூறுகிறது. சிப்பிராள், பூவாள் என அவர்களுடைய பெயர்கள் அங்கு எழுதப்பட்டுள்ளன; பார்வோனின் பெயர் எழுதப்படவில்லை. நம் நாட்டு ஏடுகள் இதற்கு நேர்மாறானவை. கலெக்டர்களின் பெயரும் பாளையக்காரரின் பெயரும் அவற்றில் உண்டு. பெரியம்மை என்று சொல்லி ஓர் உயிரைக் காத்த தாயின் பெயர் இல்லை. திண்டுக்கல் சமவெளியின் ஊர்களில் ஊழியம் செய்வோர், அவ்வூர் முதியோரிடத்தில் இன்னும் எஞ்சியுள்ள செய்திகளையும் வழக்குகளையும் கேட்டு எழுதிவைப்பார்களாயின், வேத ஏடு காட்டிய வழியில் நம் வரலாற்று ஏட்டையும் திருத்தத் தொடங்கியவர்கள் ஆவார்கள்.